கருவேலம் அகற்ற மனு கொடுத்தவரின் தாள்கள் எங்கே போகின்றன

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டிப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கிறது. அந்தப் புதருக்குள்ளே வரப்பு மறைந்துபோன பட்டா நிலங்கள் ஏராளம். ஒரு காலத்தில் மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் விளைந்த வயல்கள் அவை. கண்மாய் தூர்ந்தது, மழை பொய்த்தது, வீட்டில் ஓர் ஆள் வளைகுடாவுக்குப் போனார், இன்னொருவர் கடலுக்குப் போனார். நான்கைந்து ஆண்டு உழாமல் விட்ட நிலத்தைக் கருவேலம் எடுத்துக்கொண்டது. கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிற நிலங்களில் உவரும் களரும் சேர்ந்துகொண்டன.

இப்படிப்பட்ட நிலத்தை மீட்க அரசு மானியம் தருகிறது. 2021-22இல் தொடங்கிய கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில், 10 முதல் 15 ஏக்கர் தரிசைத் தொகுப்பாகச் சேர்த்துப் புதர் அகற்றிச் சாகுபடிக்குக் கொண்டுவருவது ஒரு முக்கியப் பகுதி. 2024-25இல் வந்த முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் களர் நிலச் சீர்திருத்தம் சேர்ந்தது. புதர் அகற்றுவது, சமன்படுத்துவது, உழுவது, ஜிப்சம் இடுவது பற்றியெல்லாம் கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது. அந்த மனுவோடு சேர்ந்து போகிற தகவலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மானியம் தாமதமாவதும், வேறு கணக்குக்குப் போவதும், மனுதாரர் பெயரில் மோசடி நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

மனுவோடு கேட்கப்படுபவை: ஆதார், சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), புலப்பட (நில வரைபட) நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கைபேசி எண், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று. ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு என்பதால் அவர்களிடம் சாதிச் சான்றும் கேட்பார்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதமும் அவர்களுடைய அடையாளச் சான்றும் வேண்டும். நிலத்தில் வேலை நடப்பதற்கு முன்னும் பின்னும் இருப்பிடப் புள்ளி பதிந்த படம் எடுக்கப்படும். மண் மாதிரி கொடுத்தால் அந்த ஆய்வு முடிவும் நிலத்தோடும் பெயரோடும் சேர்ந்து பதிவாகிவிடும்.

இவை போகிற வழி நேர்க்கோடு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் கையெழுத்திடுகிறார். உதவி வேளாண்மை அலுவலர் தாள்களை வாங்கி இணையதளத்தில் ஏற்றுகிறார். வட்டாரத்தில் உதவி இயக்குநர் சரிபார்க்கிறார். இயந்திர வேலை என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை வருகிறது. பிறகு மாவட்ட அலுவலகம், கருவூலம், வங்கி. இந்த அரசுப் படிக்கட்டுக்கு வெளியே வேறு கைகளும் உண்டு: நகல் எடுக்கிற கடை, இ-சேவை மையம், தொகுப்புக்குப் பொறுப்பாக நிற்கிற விவசாயி, ஜேசிபிக்காரர், கருவேல விறகை மொத்தமாகப் பேசி எடுத்துக் கரிமூட்டம் போடுகிறவர். சர்வரிலிருந்து களவு போவதைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். அதைவிடச் சாதாரணமாக நடப்பது, நகல் கடைக் கணினியின் முகப்பிலேயே மூன்று மாதமாகக் கிடக்கும் ஆதார் படம்.

எது ஏற்கெனவே வெளியில் இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். புல எண் தெரிந்தால் அரசின் இணையவழிச் சேவையில் எவரும் சிட்டாவைப் பார்க்கலாம். உரிமையாளர் பெயர், அப்பா பெயர், பரப்பு எல்லாம் அதில் தெரியும். நில உரிமை ஒளிவுமறைவாக இருந்தால் மோசடிக்குத்தான் வசதி என்பதால் அது சரியான ஏற்பாடே. ஆனால் அந்தச் சிட்டாவில் கைபேசி எண் கிடையாது, ஆதார் கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, சொந்தக்காரர் ஊரில் இருக்கிறாரா என்பதும் கிடையாது. மானிய மனு இந்த நான்கையும் சிட்டாவோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டித் தருகிறது.

தரிசு நிலப் பட்டியலுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. நுண்ணீர்ப் பாசன மானியப் பட்டியல், யார் சாகுபடி செய்கிறார் என்பதைச் சொல்லும். தரிசு மீட்புப் பட்டியலோ, எந்த நிலத்தில் ஆளே இல்லை என்பதைச் சொல்கிறது. எந்தப் புல எண், எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டாக உழவில்லை, சொந்தக்காரரின் தொலைபேசி என்ன என்பது மொத்தமாகக் கிடைத்தால் நிலத் தரகருக்கு வேறென்ன வேண்டும்? கமுதிப் பக்கம் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016இல் வந்த மாவட்டம் இது. தொடர்ச்சியாகக் கிடக்கிற தரிசுக்கு இங்கே விலை உண்டு. விருப்பப்பட்டு விற்பது வேறு. உரிமையாளர் துபாயில் இருப்பது தெரிந்து, ஆள்மாறாட்டம் செய்து, போலிப் பத்திரம் பதிவது வேறு. ஆகவே தரிசு நிலப் பட்டியலில் கைபேசி எண்ணைச் சேர்த்து வாட்ஸாப்பில் சுற்றவிடுவதைச் சின்ன அசட்டையாக நினைக்க முடியாது.

தொகுப்பு முறை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஒரு தொகுப்புக்குக் குறைந்தது எட்டுச் சிறு குறு விவசாயிகள் வேண்டும். எட்டுப் பேரும் எட்டு முறை வட்டார அலுவலகத்துக்கு அலைய முடியாது. விவரம் தெரிந்த ஒருவர் முன்னால் நிற்பார், ஒரு வாட்ஸாப் குழு தொடங்கும், எல்லோரும் ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்து அதில் போடுவார்கள். எட்டுப் பேரின் தாள்களும் எட்டுக் கைபேசியில் தங்கிவிடும். அதில் ஒன்றைப் பேரன் விளையாட்டுக்கு எடுப்பான், இன்னொன்று பழுதுபார்க்கும் கடைக்குப் போகும். குழுவில் தாள்களைப் போடாமல், பொறுப்பாளருக்குத் தனியாக அனுப்பி, அவர் ஏற்றி முடித்ததும் இரண்டு பக்கமும் அழித்துவிடுவதுதான் இதற்கு எளிய வழி. கைபேசியின் படத் தொகுப்பிலும் குப்பைப் பெட்டியிலும் சேர்த்து அழித்தால்தான் அழித்ததாக அர்த்தம்.

ஆதார் நகலுக்கு வருவோம். மானியம் வாங்குகிற மனுதாரரின் முழு 12 இலக்க எண்ணும் இணையதளத்தில் ஒரு முறை பதிவாகி, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் (ஓடிபி) மூலமோ விரல்ரேகை மூலமோ உறுதிசெய்யப்பட வேண்டியது உண்மைதான். அதற்காகக் கோப்பில் வைக்கிற காகித நகலிலும் முழு எண் இருக்கத் தேவையில்லை. முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரிகிற ஆதாரை ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். சம்மதக் கடிதம் மட்டும் தருகிற கூட்டுப் பட்டாதாரர்களுக்கு மானியப் பணம் போகப்போவதில்லை. அவர் இன்னார் என்று காட்டினால் போதும். அவர்களுடைய முழு ஆதார் எண்ணைக் கேட்பது பழக்கத்தால் வருவது. முழு எண்ணுள்ள நகலையே தந்தாக வேண்டிய இடத்தில், எந்தத் திட்டத்துக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே மையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம், முகத்தையும் எண்ணையும் தொட்டு எழுதினால் வெட்ட முடியாது.

கிரையப் பத்திர நகலைத் தேவையில்லாமல் சேர்க்கவே கூடாது. சிட்டாவும் அடங்கலும் இருக்கிறபோது பெரும்பாலும் அது வேண்டியதில்லை. ‘இருக்கட்டும்’ என்று கட்டோடு கொடுத்துவிடுகிறோம். பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் கைரேகை இருக்கும். பிற மாநிலங்களில் பதிவுத்துறை ஆவணங்களிலிருந்து ரேகையைப் பிரதி எடுத்து, ஆதார் வழிப் பணப்பட்டுவாடா கருவியில் வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுத்த வழக்குகள் நடந்திருக்கின்றன. அந்தக் கருவிக்கு வேண்டியவை மூன்றே: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை. கடவு எண் கேட்காது. மானியக் கோப்பில் ஆதார் நகல், வங்கிப் புத்தகம், பத்திரம் மூன்றும் இருந்தால் அந்த மூன்றும் ஒரே நூலால் கட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். பத்திரம் கட்டாயம் என்று சொன்னால் ரேகை இருக்கும் இடத்தை மறைத்து நகல் எடுக்கலாம். ஆதாரின் உயிரியல் பதிவைப் பூட்டிவைக்கிற வசதியும் இருக்கிறது. வேண்டும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கல் ஒன்று இந்தக் கரைக்கே உரியது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்கள், பனைத் தொழிலாளர்கள் ஆகியோரின் விரல்ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவி இரண்டு முறை மறுத்ததும் ‘உங்களுக்கு வராது’ என்று திருப்பி அனுப்பினால் அது தவறு. கருவிழி, முகம், கைபேசிக் கடவு எண் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஆதாரில் பதிந்த கைபேசி எண் இப்போது கையில் இருக்கிறதா என்பதை மனுவுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மகன் வெளிநாடு போகும்போது எடுத்துப்போன எண் தாயின் ஆதாரில் இருப்பது இங்கே சகஜம். கடவு எண் பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். கத்தாரிலிருந்து அவன் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் போய்விடும்.

மோசடி அபூர்வம். தாமதம் அன்றாடம். அதற்குப் பெரும் காரணம் பெயர் ஒத்துப்போகாமை. பட்டாவில் தமிழில் முதலெழுத்தோடு பெயர். ஆதாரில் அப்பா பெயர் விரிந்து நிற்கும். வங்கியில் ஆங்கில எழுத்தில் வேறு விதம். ‘ழ’வையும் ‘ற’வையும் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி ஆங்கிலத்தில் எழுதும். மைதீன், முகைதீன், மொஹிதீன் மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 2025இல் தொடங்கிய விவசாயிகள் தனித்துவ அடையாள எண் பதிவில், ஆதார்ப் பெயரும் நில ஆவணப் பெயரும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கணினியே ஒப்பிடுகிறது. பொருத்தம் குறைந்தால் மனு மனிதச் சரிபார்ப்புக்குப் போய் வரிசையில் நிற்கும். ஆதாரை மாற்றிப் பட்டாவுக்கு இணங்க வைப்பது குறுக்கு வழியாகத் தோன்றலாம்; பிறகு வங்கி, கடவுச்சீட்டு எல்லாவற்றிலும் பொருத்தம் போய்விடும். நில ஆவணப் பிழை 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது வந்ததாக இருந்தால், அதை வருவாய்த் துறையில் திருத்துவதே நிரந்தர வழி. ஆண்டுதோறும் வட்ட அளவில் நடக்கும் வருவாய்த் தீர்வாயமான ஜமாபந்தியில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பரப்பளவிலும் இதே கதை. சிட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பேச்சு ஏக்கர், சென்ட். 0.81 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர். அவசரத்தில் 0.81 ஏக்கர் என்று ஏற்றிவிட்டால் மானியம் பாதிக்கும் கீழே போய்விடும். தலைகீழாக ஏற்றினால் கள ஆய்வில் அளவு இடித்து மனு நின்றுவிடும். புல எண்ணின் உட்பிரிவு விட்டுப்போவதும் அடிக்கடி நடக்கிறது. ஏற்றும்போது அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, கணக்கு எண், கைபேசி எண் ஆறையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்வதற்கு மூன்று நிமிடம் ஆகும். பிறகு திருத்த மூன்று மாதமும் ஆகலாம்.

பணம் எங்கே வரும் என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மனுவில் எழுதிய கணக்குக்குத்தான் வரும் என்று நினைக்கிறார்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். மகளிர் குழுக் கடனுக்காகப் புதிதாக ஒரு கணக்கு தொடங்கி அதில் ஆதாரை இணைத்திருந்தால் மானியம் அங்கே விழுந்துவிடும். பணம் வரவில்லை என்று வட்டார அலுவலகத்துக்கு நடப்பதற்கு முன் மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்துவிடுவது நல்லது.

நிலத்தில் எடுக்கும் படங்களிலும் தகவல் ஒளிந்திருக்கிறது. படத்தின் மேல் அச்சாகத் தெரிகிற அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்று. கோப்புக்குள்ளே பதிந்திருப்பது இன்னொன்று. வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்தது பொதுவாக நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் தங்கிவிடும், மேலே அச்சானது எப்படியும் போகாது. ஆய்வுக்குத் தேவைப்படுவது நிலமும் இருப்பிடமும். சில இடங்களில் விவசாயியும் நிற்க வேண்டும். வீட்டு வாசலில் நின்று எடுத்த படமும், பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படமும் கோப்புக்கு எந்த விதத்திலும் உதவாதவை.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போதே நடைமுறையில் இருப்பது 2016இன் ஆதார் சட்டம். அதன் 29ஆம் பிரிவு ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதைத் தடுக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் பயனாளிப் பட்டியலில் முழு ஆதார் எண் இருந்தால் அது சட்டமீறல். அடையாளத் தகவலை வேண்டுமென்றே அனுமதியின்றி வெளிப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு 37ஆம் பிரிவில் இடம் இருக்கிறது.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டாவது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் கையாள்பவர்களின் முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. மானியம் சார்ந்த வழி 7ஆம் பிரிவில் இருக்கிறது. ஏதாவது ஒரு மானியத்துக்கோ சலுகைக்கோ முன்பு ஒப்புதல் தந்திருந்தால், அல்லது அரசு அறிவித்த பதிவேட்டில் உங்கள் தகவல் இருந்தால், வேறொரு மானியத்துக்காகவும் அரசு அதைப் பயன்படுத்தலாம். ஒரே தாளைப் பத்து முறை தரும் அலைச்சல் இதனால் குறையும். ஒரு திட்டத்தில் பதிந்த தவறு எல்லாத் திட்டங்களிலும் பரவுவதற்கும் இதே கதவுதான்.

அப்படிக் கையாளும்போது பின்பற்ற வேண்டிய தரங்களை விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தேவையான அளவு மட்டுமே தரவு, சரியான தரவுக்கான முயற்சி, பாதுகாப்பு ஏற்பாடு, கேள்வி கேட்க யாரைத் தொடர்புகொள்வது என்கிற விவரம் ஆகியவை அதில் அடங்கும். ‘தேவையான அளவு மட்டும்’ என்பதுதான் விவசாயியின் கையில் இருக்கிற வாதம். பத்திர நகல் எதற்கு, அண்ணன் தம்பிகளின் முழு ஆதார் எண் எதற்கு என்று கேட்பதற்கு அதில் அடிப்படை இருக்கிறது. ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழில் பெறவும் சட்டம் வழிசெய்கிறது. ஆங்கிலப் படிவத்தில் ‘இங்கே கையெழுத்து போடுங்க’ என்று காட்டிய இடத்தில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தச் சட்டத்தின் எல்லைகளையும் தெரிந்திருக்க வேண்டும். இது டிஜிட்டல் வடிவில் உள்ள அல்லது பின்பு டிஜிட்டலாக்கப்பட்ட தரவுக்கே பொருந்தும். அலமாரியில் கிடக்கும் காகித நகல் இதற்குள் வராது. ‘வேலை முடிந்தது, என் தகவலை அழித்துவிடுங்கள்’ என்று அரசிடம் கேட்டால் பலன் கிடைக்காது. அழிக்கும் கடமையிலிருந்து அரசுக்கு 17ஆம் பிரிவு விலக்கு தந்திருக்கிறது. திருத்தும் உரிமை அப்படி முழுதாக அடைபடவில்லை. உங்களைப் பாதிக்கிற முடிவு எடுக்கப் பயன்படும் தரவில் பிழை இருந்தால் அரசுக்கும் அந்த விலக்கு கிடையாது. மானியம் தருவதா மறுப்பதா என்பது அப்படிப்பட்ட முடிவுதான். ஆனால் திருத்தும் உரிமை ஒப்புதலோடு கட்டப்பட்டிருப்பதால், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது முக்கியம்.

பயனாளிப் பட்டியலை வெளியிடலாமா என்பதில் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளி விவரத்தையும் அரசு தானாக வெளியிடச் சொல்கிறது. புதிய தரவுச் சட்டம் அதே சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற ஒரே காரணத்தால் மறுப்பதை எளிதாக்கிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெயர், கிராமம், பரப்பு, தொகை ஆகியவை ஊர் முன்னால் இருக்கத்தான் வேண்டும். வெட்டாத கருவேலத்துக்கு யாராவது பணம் வாங்கியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் பக்கத்து வயல்காரர்கள் மட்டுமே. கைபேசி எண், ஆதார், கணக்கு எண், சாதி ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் இடம்பெற எந்த நியாயமும் இல்லை. அந்தரங்கத்தைக் காரணம் காட்டி முழுப் பட்டியலையும் மூடுவது விவசாயியைக் காப்பாற்றுவதாகாது.

தகவலும் கடவுச்சொல்லும் கவனமில்லாமல் கைமாறினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு 2020இல் பார்த்தது. பிரதமரின் கிசான் திட்டத்தில் அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெளியாட்கள் கைக்குப் போய், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்கள் சேர்க்கப்பட்டனர். போன பணம் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. கணினி மையங்களில் ‘பணம் வரும்’ என்று ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தவர்களில் பலருக்கு எந்தத் திட்டம் என்றே தெரியாது. கடைசியில் அவர்கள் கணக்கிலிருந்துதான் பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. வட்டார அலுவலகக் கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வரை எந்தச் சட்டத்தின் எந்த அட்டவணையும் உதவாது. யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார் என்கிற குறிப்பை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று புதிய விதிகள் கேட்பது இதனால்தான் முக்கியமாகிறது.

மனு ஏற்கப்பட்ட பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. ‘மானியப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று வாட்ஸாப்பில் வருகிற கோப்பைத் தொடக் கூடாது. அரசுத் திட்டப் பெயரில் சுற்றும் அந்தக் கோப்புகள் கைபேசிக்கு வரும் கடவு எண்களைத் திருடுகின்றன. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். ஆதார் தொடர்பான சந்தேகத்துக்கு 1947. ஆதாரை யார் எப்போது சரிபார்த்தார்கள் என்கிற வரலாற்றை மைஆதார் தளத்தில் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கிற நில உரிமையாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதிவுத்துறை இணையதளத்தில் தன் புல எண்ணுக்கு வில்லங்கம் (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வெட்டிய கருவேலம் அடுத்த மழைக்கே தூரிலிருந்து தளிர்க்கும் என்பதால் எப்படியும் நிலத்தைப் போய்ப் பார்த்துவரச் சொல்லி யாரையாவது அனுப்புவார். அவர் வரப்பில் நிற்கிற அதே நாளில் இவர் வில்லங்கத்தையும் பார்த்துவிட்டால் இரண்டு வேலையும் மறக்காது.